கூடங்குளத்தில் ஏதாவது நடந்தால் யாழ்ப்பாணத்துக்கு யார் சொல்வது?

கோண்டாவிலான்:
வணக்கம் உறவுகளே. நேற்று இரவு எட்டு மணிபோல அம்மாவின் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு ஆண், மூச்சு வாங்க வாங்கக் கதைக்கிறார். கூடங்குளத்தில் அணு உலை கசிந்துவிட்டதாம், மழையோடு சேர்ந்து இன்னும் ஒரு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்குமாம், ஒருவரும் நனைய வேண்டாமாம், உப்பு வாங்கி வைக்கட்டாம். நான் வேலையால் வருவதற்கு முன்பே அம்மா சந்திக் கடைக்குப் போய் ஆறு பைக்கற் உப்பு வாங்கிவிட்டா. அவவுக்குப் பின்னால் போன பக்கத்து வீட்டாருக்கு உப்பு முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்.

செய்தித் தளம் எல்லாம் பார்த்தேன், ஒன்றும் இல்லை. காலையில் மழை விட்டு வெயில் எறித்தது, எல்லாரும் வேலைக்குப் போனார்கள். பொய் என்று தெரிகிறது. ஆனால் பொய் என்று எனக்கு எப்படித் தெரிந்தது? ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதை வைத்துத்தான் முடிவு கட்டினேன். உண்மையாகவே நடந்திருந்தாலும் முதல் சில மணித்தியாலம் இதே அமைதிதானே இருந்திருக்கும்? அப்படி ஒரு நாள் வந்தால் எங்களுக்கு யார் சொல்வது, நாங்கள் என்ன செய்வது? விசயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நிர்வாகம்:
அந்தக் குரல் பதிவை இங்கே யாரும் ஏற்ற வேண்டாம். ஏற்கெனவே இரண்டு பேர் ஏற்றினார்கள், இரண்டையும் தூக்கியாகிவிட்டது. இழை திறந்தே இருக்கும்.

சோளகம்:
நான் மாதகல், கடற்தொழில். அதை எங்கள் வாடியிலும் போட்டுக் கேட்டோம். கேட்டுவிட்டுச் சிரித்தோம். நேற்றுக் காற்று வடகிழக்கு. வாடை எடுக்கத் தொடங்கிவிட்டது. கூடங்குளம் எங்களுக்குத் தென்மேற்கே கிடக்கிறது. இந்தக் காற்றுக்கு அங்கே புகைந்தால் அது அரபிக்கடல் பக்கம்தான் போகும். யாழ்ப்பாணம் வருவதென்றால் தண்டு வலித்துத்தான் வரவேண்டும்.

ஆனால் வைகாசி தொடங்கிப் புரட்டாதி மட்டும் சோளகம், தென்மேற்குக் காற்று. அப்போது இந்தப் பதிவு வந்திருந்தால் நான் சிரித்திருக்க மாட்டேன்.

பௌதிக மாஸ்ரர்:
சோளகம் தம்பி நாலு வரியில் சொன்னதை நான் வகுப்பில் சொல்லியிருந்தால் ஒரு பாடவேளை போயிருக்கும்.

வரைபடத்தை எடுத்து அடிமட்டத்தை வையுங்கள். கூடங்குளத்தில் இருந்து யாழ்ப்பாண நகரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். மன்னார் 260 அளவில், கற்பிட்டி 225 அளவில். எல்லாரும் கூடங்குளத்தையே கதைப்போம், வடக்கே கல்பாக்கம் இருப்பதை மறந்துவிடுவோம். பருத்தித்துறையில் இருந்து கல்பாக்கமும் அதே 300தான். கூடங்குளத்தில் ரஷ்ய வடிவமைப்பில் தலா 1000 மெகாவாற் உலைகள் இரண்டு ஓடுகின்றன. ஒன்றில் 2013 ஆடியிலும் மற்றதில் 2016 ஆடியிலும் தொடர்தாக்கம் தொடங்கியது. பக்கத்திலேயே இன்னும் நான்கு கட்டுகிறார்கள். கல்பாக்கத்தில் 1980களில் தொடங்கிய 220 மெகாவாற் உலைகள் இரண்டும், 500 மெகாவாற் வேக ஈனுலை ஒன்றும் இருக்கின்றன.

காற்று மணிக்கு 20 கிலோமீற்றர் என்று வையுங்கள். நேரே வந்தால் 15 மணித்தியாலம். இரட்டை வேகம் என்றால் ஏழரை. நேற்றைய பதிவில் அந்த மனிதர் "இன்னும் ஒரு மணித்தியாலத்தில்" என்று சொன்னார் பாருங்கள், அதிலேயே கதை முடிந்தது. சூறாவளிகூட அந்த வேகத்தில் கொண்டுவராது.

காற்றை மட்டும் முழுதாக நம்பவும் கூடாது. தரையில் ஒரு திசை, ஒரு கிலோமீற்றர் மேலே வேறு திசை. ஜப்பானில் ஃபுகுஷிமா அணு நிலையத்தை 2011 பங்குனி 11 சுனாமி அடித்தது. முதல் நாட்களில் கசிந்தது பெரும்பகுதி கடல் பக்கம் போனது. 15ஆம் திகதி காற்றுத் திரும்பியது, மழையும் பனியும் சேர்ந்தன. உலையில் இருந்து வடமேற்கே 40 கிலோமீற்றர் அளவில் உள்ள இட்டாட்டே என்ற ஊரில் கொட்டிவிட்டது. முதலில் வெளியேற்றிய 20 கிலோமீற்றர் வட்டத்துக்கு வெளியே இருந்த ஊர் அது. அங்கே உள்ளவர்களை எழும்பச் சொன்னது சித்திரை 22இல்தான்.

கோண்டாவிலான்:
நன்றி மாஸ்ரர். அப்படி என்றால் 300 என்பது பயப்பட வேண்டிய தூரமா, இல்லையா? நேரடியாகச் சொல்லுங்கோ.

பௌதிக மாஸ்ரர்:
ஓட வேண்டிய தூரம் இல்லை. பாலையும் கீரையையும் யோசிக்க வேண்டிய தூரம்.

சர்வதேச அணுசக்தி முகவர் நிலையம் பெரிய உலைகளுக்கு வட்டம் வட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது. 3 முதல் 5 கிலோமீற்றருக்குள் இருப்பவர்கள் கசிவு தொடங்க முன்பே வெளியேற வேண்டும். 15 முதல் 30 வரை அவசர நடவடிக்கைக்குத் தயாராக இருக்கவேண்டிய வலயம். 100 கிலோமீற்றர் வரை அளந்து பார்த்து, கதிர்வீச்சுக் கூடின இடங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். கடைசி வட்டம் 300 கிலோமீற்றர். அதற்குள் உள்ள தோட்டத்து மரக்கறி, மேயும் மாட்டின் பால், மழைநீர் ஆகியவற்றைச் சோதிக்கும் வரை நிறுத்தி வைக்கத் தயாராக இருக்க வேண்டும். நாங்கள் நிற்பது சரியாக அந்தக் கோட்டின்மேல்.

இன்னும் ஒரு அளவு சொல்கிறேன், எழுதி வையுங்கள். என் வீட்டு விறாந்தையில் சாதாரண நாளில் மணிக்கு 0.08 மைக்ரோசீவெர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) காட்டும். சுண்ணக்கல் பூமி, குறைவுதான். இயல்பான அளவுக்குமேல் மணிக்கு 1 மைக்ரோசீவெர்ட் வந்தால் உள்ளூர்ப் பால், இலைக்கறி, மழைநீர் மூன்றையும் நிறுத்தச் சொல்கிறது முகவர் நிலையத்தின் வழிகாட்டி. உடனே ஊரைவிட்டு எழும்பு என்று அது சொல்லும் அளவு மணிக்கு 1000. இந்த மூன்று எண்ணும் தலையில் இருந்தால் குரல் பதிவு வந்து ஒன்றும் செய்யாது.

கிணத்தடி:
மாஸ்ரர், அளவு எல்லாம் சரி. அளந்து சொல்பவனை யார் நம்புவது? நான் சுன்னாகம் பக்கம். எங்கள் கிணற்றில் எண்ணெய் மிதந்த காலத்தில் வாளியில் அள்ளி வெயிலில் வைத்தால் வானவில் மாதிரிப் படலம் தெரியும். ஒரு அலுவலகம் வந்து போத்தலில் எடுத்துக்கொண்டு போய் இருக்கிறது என்றது. இன்னொரு அலுவலகம் அப்படிச் சொல்லும் அளவுக்கு ஒன்றும் இல்லை என்றது. மூன்றாவது ஆட்கள் வந்து படம் எடுத்தார்கள். நாங்கள் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம். கண்ணால் பார்க்கிற எண்ணெய்க்கே இந்தப் பாடு. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத ஒன்றுக்கு என்ன செய்வார்கள்?

மியூனிக் மாமா:
இந்த இழையை வாசித்தபோது 39 வருசம் பின்னால் போய்விட்டேன். 1985இல் வந்தவன் நான். 86 சித்திரையில் மியூனிக்குக்குப் பக்கத்தில் ஒரு அகதி விடுதியில் இருந்தோம். ஒரு அறையில் ஆறு பேர், இரண்டு குடும்பம் பிள்ளைகளோடு.

சித்திரை 30 என்று நினைவு. இடியோடு மழை. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு மழை என்றால் தெரியும்தானே, பிள்ளைகள் முற்றத்தில் இறங்கி ஆடினார்கள். மூன்று நாளைக்குப் பிறகு விடுதிப் பொறுப்பாளர் சுவரில் ஒரு தாள் ஒட்டினார், ஜேர்மன் மொழியில். எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. படத்தில் ஒரு பால் போத்தலும் அதற்குமேல் ஒரு கோடும். பால் காசு கூடிவிட்டதாக்கும் என்று விட்டுவிட்டோம். பிறகுதான் விடுதிச் சமையல்காரி வந்து பிள்ளைகளின் கையைப் பிடித்து மணல் குழிக்குள் இருந்து இழுத்தாள். பால்மா பெட்டி ஒன்றைத் தந்து கையால் சைகை காட்டினாள். செர்னோபிலில் சித்திரை 26 விடியற்காலை உலை வெடித்தது என்று ஒரு கிழமை கழித்து, தமிழில் வந்த ஒரு கடிதத்தில் வாசித்தேன். வீட்டில் இருந்து அப்பா எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்தில் பேப்பர் பார்த்தவருக்குத் தெரிந்தது, மழைக்குள் நின்ற எனக்குத் தெரியவில்லை.

ஜேர்மன்காரருக்கும் தெளிவில்லை, அதையும் சொல்லவேண்டும். பாலில் அயடீன்-131 என்ற கதிர்வீசும் அயடீன் லீற்றருக்கு 500 பெக்கரல் (கதிர்வீசும் பொருளை அளக்கும் அலகு) வரை பரவாயில்லை என்றது மத்திய அரசு. ஹெசன் மாநிலம் 20க்கு மேல் கூடாது என்றது. ஒரே நாடு, ஒரே பசு! கடைக்குப் போனால் ஆளுக்கு ஒரு கதை. தோட்டக்காரர் சலாது எல்லாவற்றையும் உழுது தாட்டார்கள். இன்றைக்கும் பவேரியாக் காட்டுப் பன்றி இறைச்சியை அளந்துதான் விற்கிறார்கள், கிலோவுக்கு 600 பெக்கரலுக்கு மேல் போனால் எறிய வேண்டும். அதில் இருக்கும் சீசியம்-137 என்ற கதிர்வீசும் பொருள் பாதியாகக் குறையவே 30 வருசம்.

அந்தக் குழப்பத்துக்குப் பிறகு செய்த ஒரு வேலையைத்தான் நான் மெச்சுவேன். நாடு முழுக்க ஏறத்தாழ 1700 அளவு கருவி நட்டு வைத்திருக்கிறார்கள். யாரும் இணையத்தில் போய்த் தன் ஊர் எண்ணைப் பார்க்கலாம். என் பேரன் காலநிலை பார்க்கிற மாதிரிப் பார்க்கிறான்.

மருந்துக்கடை:
உப்புக் கதைக்கு வருகிறேன், நேற்று என்னிடமும் வந்து அயடீன் கேட்டார்கள்.

அயடீன்-131 உடம்புக்குள் போனால் கழுத்தில் உள்ள தைரொயிட் சுரப்பியில் போய்க் குந்தும். அதற்கு முன் நல்ல அயடீனால் சுரப்பியை நிரப்பிவிட்டால் கெட்டதற்கு இடம் இருக்காது. அவ்வளவுதான் விசயம். அதற்கு வேண்டியது பொற்றாசியம் அயடைட் குளிசை. வளர்ந்தவருக்கு 130 மில்லிகிராம், மூன்று வயதில் இருந்து பன்னிரண்டு வரை அதில் பாதி, கைக்குழந்தைக்கு இன்னும் குறைவு. 130 மில்லிகிராம் குளிசையில் 100 மில்லிகிராம் அயடீன் இருக்கும். எங்கள் கடை உப்பில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று வைத்தால், ஒரு குளிசைக்கு ஈடாக அம்மா ஐந்து கிலோ உப்பு ஒரே தரத்தில் சாப்பிட வேண்டும். ஆனையிறவு உப்போ எந்த உப்போ, கதிர்வீச்சு வருவதற்கு முன்பே ஆளை முடிக்க அந்த உப்பே போதும். 2011இல் சீனாவிலும் இதே மாதிரிக் கடை கடையாக உப்பை அள்ளினார்கள், ஆகவே உங்கள் அம்மா தனி இல்லை.

புண்ணுக்குப் போடும் அயடீன் திரவத்தை யாரும் குடித்துவிடாதீர்கள், அது நஞ்சு. குளிசையும் சீசியத்துக்கு ஒன்றும் செய்யாது. நாற்பது தாண்டியவர்களுக்குப் பலனும் குறைவு. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் முதலில். போலந்து 1986இல் மூன்று நாளைக்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அயடீன் கொடுத்து முடித்தது. பக்கத்திலே பெலாருஸ், உக்ரைன் பிள்ளைகள் அந்தப் பாலைக் குடித்தார்கள். பிறகு தைரொயிட் புற்றுநோய் ஆயிரக்கணக்கில். செர்னோபிலில் பொதுமக்களுக்கு வந்த பெரிய கேடு பால் குவளையால் வந்தது. முதல் இரண்டு மாதம் மேய்ச்சல் மாட்டின் பாலை நிறுத்திப் பால்மா கொடுத்திருந்தால் பெரும்பகுதி தப்பியிருக்கும், ஏனென்றால் அயடீன்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகிறது.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு பசு, பக்கத்தில் ஒரு முருங்கை, ஒரு பொன்னாங்காணிப் பாத்தி. யோசித்துப் பாருங்கள்.

தமிழன்டா77:
எல்லாம் திட்டமிட்ட சதி. எங்களை அழிக்கத்தான் கரையில் வைத்தார்கள். விளக்கம் தேவையில்லை.

சோளகம்:
தம்பி, அந்தக் கரையில் முதல் வீடு இடிந்தகரை. அங்கே இருப்பவர்களும் தமிழர், அவர்களும் வலை இழுக்கிறவர்கள். 2011, 12இல் உலை வேண்டாம் என்று பந்தல் போட்டு மாதக்கணக்கில் குந்தி இருந்தார்கள். உலை கசிந்தால் அவர்கள் முதல், நாங்கள் பிறகு. அந்தப் பக்கத்து இழுவைப் படகுகளோடு எங்களுக்கு நல்ல கோபம் இருக்கிறது, என் வலையே மூன்று தரம் போயிருக்கிறது. அதற்காக இதை அதோடு முடிச்சுப் போடக் கூடாது.

கல்பாக்கத்தில் 2004 மார்கழி 26 என்ன நடந்தது என்றும் கேட்டிருக்கிறேன். கடல் நீர் பம்புக் கட்டடத்துக்குள் ஏறியதாம், ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்களாம். அதே அலைதான் அன்றைக்கு மணற்காட்டுக்கும் வந்தது. எங்களுக்கு நிறுத்த ஒன்றும் இருக்கவில்லை.

மட்டுவில் அக்கா:
"எழும்பு" என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதவேண்டும் என்று தோன்றியது. 95 ஐப்பசி 30, போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவு. கொட்டும் மழை. நாவற்குழிப் பாலத்தில் அடி வைக்க இடமில்லை. மாமியை சைக்கிள் கரியரில் வைத்து, விழாமல் ஒரு சீலையால் என் இடுப்போடு கட்டித் தள்ளிக்கொண்டு போனேன். கோண்டாவிலில் இருந்து மட்டுவில் போக விடிந்துவிட்டது. மாமி அதற்குப் பிறகு எழும்பவே இல்லை, அடுத்த மாதம் போய்விட்டா. ஷெல்லால் இல்லை. அந்த இரவால்.

ஒரு நாளும் இனி அப்படி ஒரு குரல் பதிவை நம்பி யாரும் கிழடு கட்டைகளைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடக் கூடாது. அவ்வளவுதான்.

மருந்துக்கடை:
அக்கா சொன்னதற்கு ஃபுகுஷிமாவிலேயே கணக்கு இருக்கிறது. கதிர்வீச்சு நோயால் அந்த நாட்களில் ஒருவரும் சாகவில்லை. ஆனால் இடம்பெயர்ந்த அலைச்சல், மருந்து இல்லாமை, மனம் உடைந்தது என்று அந்த மாகாணத்தில் மட்டும் 2300க்கு மேற்பட்ட மரணங்களை அரசே பதிந்திருக்கிறது. சுனாமியால் நேரடியாக அங்கே இறந்தவர்களைவிட அது கூட. வைத்தியசாலையில் கிடந்த கிழவர்களை பஸ்ஸில் ஏற்றி மணிக்கணக்கில் கொண்டு திரிந்ததில் பலர் வழியிலேயே முடிந்தார்கள்.

300 கிலோமீற்றரில் இருக்கும் எங்களுக்குப் பெரும்பாலும் உத்தரவு "உள்ளே இருங்கள், யன்னலைப் பூட்டுங்கள், கிணற்றை மூடுங்கள், வெளியில் நின்று வந்தால் உடுப்பை மாற்றிக் குளியுங்கள்" என்பதாகத்தான் இருக்கும். உடுப்பைக் கழற்றினாலே ஒட்டியிருப்பதில் பெரும்பகுதி போய்விடும்.

பழைய இரும்பு:
நான் இரும்புக் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் எல்லாரும் 300 கிலோமீற்றர் தள்ளிப் பார்க்கிறீர்கள், எனக்கு என் வளவுக்குள் பயம். 2010இல் டெல்லி மாயாபுரியில் ஒரு பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய ஆய்வுக் கருவியை எங்களைப் போன்ற ஆட்கள் உடைத்தார்கள். உள்ளே கோபால்ற்-60 என்ற கதிர்வீசும் பொருள். ஒருவர் செத்தார், மற்றவர்களுக்குக் கை வெந்தது, தோல் கறுத்தது. பிரேசிலில் கொய்யானியா என்ற ஊரில் 1987இல் இதைவிட மோசம். கைவிட்ட ஒரு சிகிச்சை நிலையத்தில் இருந்து எடுத்த பெட்டிக்குள் நீலமாக மினுங்கும் தூள் இருந்தது. வீட்டுக்குக் கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள், பூசிக்கொண்டார்கள். நான்கு பேர் செத்தார்கள், 112,000க்கு மேற்பட்டவர்களை விளையாட்டு அரங்கில் நிறுத்திச் சோதித்தார்கள்.

அந்தக் கதை கேட்ட நாள் முதல், பருமனுக்கு மீறிப் பாரமாக இருக்கிற ஈயக் கட்டி, மூன்று இதழ் விசிறி மாதிரிச் சின்னம் போட்ட எதுவும் வந்தால் தொடாமல் வை என்று பொடியளுக்குச் சொல்லியிருக்கிறேன். கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலனை அளக்கும் வாசல் இருக்கிறதாம். என் கேற்றில் ஒன்றும் இல்லை.

கோண்டாவிலான்:
இரும்பு அண்ணை, இது என் தலைக்குள் வரவே இல்லை. சரி, முதல் கேள்விக்குத் திரும்புவோம். உண்மையில் நடந்தால் செய்தி எந்த வழியால் வரும்?

பௌதிக மாஸ்ரர்:
கடதாசியில் வழி இருக்கிறது. செர்னோபில் வெடித்ததை உலகத்துக்கு முதலில் காட்டிக்கொடுத்தது சோவியத் இல்லை, சுவீடனில் போர்ஸ்மார்க் நிலையத்தில் வேலை செய்த ஒருவரின் சப்பாத்து. சித்திரை 28 காலை அந்த ஆள் சோதனை வாசலால் போக, மணி அடித்தது. தங்கள் உலைதான் கசிகிறது என்று தேடிப் பார்த்துக் களைத்த பிறகுதான் ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் கையை நீட்டினார்கள். மொஸ்கோ அன்று இரவு வாய் திறந்தது. அந்த வெட்கத்தால் அதே வருடம் ஒரு உடன்படிக்கை வந்தது. எல்லை தாண்டக்கூடிய கசிவு என்றால் அந்த நாடு தாமதிக்காமல் வியன்னாவில் உள்ள சர்வதேச முகவர் நிலையத்துக்கும் பக்கத்து நாடுகளுக்கும் அறிவிக்க வேண்டும். இந்தியாவும் அதில் இருக்கிறது, இலங்கையும் இருக்கிறது. 2015 மாசியில் டெல்லியில் இரண்டு நாடும் தனியாக ஒரு அணுசக்தி ஒப்பந்தமும் வைத்தன, அதில் கதிர்வீச்சுப் பாதுகாப்பும் வருகிறது.

எங்கள் பக்கத்தில் 2014ஆம் ஆண்டு 40ஆம் இலக்கச் சட்டம் பழைய அணுசக்தி அதிகாரசபையை இரண்டாக்கியது. ஒன்று அணுசக்திச் சபை, மற்றது ஒழுங்குறுத்தல் பேரவை. கூடங்குளம் தொடங்கும் காலத்தில் வடக்கு, வடமேற்குக் கரையோரமாகக் காமாக் கதிர் அளக்கும் முன்னெச்சரிக்கை நிலையங்கள் வந்தன. இலக்கம் கொழும்புக்குப் போகும். கொழும்பில் இருந்து இடர் முகாமைத்துவ நிலையம், அந்த 117 இலக்கக்காரர். பிறகு கச்சேரி (மாவட்டச் செயலகம்), பிரதேச செயலகம், கிராம சேவையாளர்.

வியன்னா முதல் கச்சேரி வரை கம்பி இருக்கிறது என்று வையுங்கள். கச்சேரியில் இருந்து உங்கள் அம்மாவின் போன் வரை? அந்தக் குரல் பதிவு அரை மணித்தியாலத்தில் ஆனைக்கோட்டை, இணுவில், மானிப்பாய் எல்லாம் சுற்றிவிட்டது. "நாங்கள் பார்த்தோம், இலக்கம் இயல்பாக இருக்கிறது, நித்திரை கொள்ளுங்கள்" என்று தமிழில் இரண்டு வரி யாராவது போட்டார்களா? விபத்து நடந்தால் சொல்வது ஒரு பாதிதான். நடக்காத இரவில் நடக்கவில்லை என்று சொல்வது மற்றப் பாதி. அந்த இலக்கத்தை ஒவ்வொரு நாளும் ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தால்தான் அந்த ஒரு இரவில் நம்புவார்கள். மியூனிக்காரரின் பேரன் பார்க்கிற மாதிரி.

கிணத்தடி:
இதைத்தான் நானும் சொன்னேன், நீங்கள் நீளமாகச் சொன்னீர்கள்.

பௌதிக மாஸ்ரர்:
தொழில் அப்படி.

சோளகம்:
மீனுக்கு என்ன வழி? 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது எங்கள் மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சந்தையில் விளமீனைத் தொட ஆளில்லை. ஐஸ் காசுகூடத் தேறவில்லை. கூடங்குளம் என்று ஒரு சொல் வந்தால் மன்னாரில் இருந்து முல்லைத்தீவு மட்டும் படகு கரையில்தான். உண்மையாகக் கசிந்ததா இல்லையா என்பது பிறகு. மீனை எங்கே கொண்டுபோய்ச் சோதிப்பது, எத்தனை நாள், யார் காசு?

பௌதிக மாஸ்ரர்:
ஜப்பான் 2012 சித்திரையில் இருந்து சாதாரண உணவுக்குக் கிலோவுக்கு 100 பெக்கரல் என்று இறுக்கிப் பிடித்தது. ஃபுகுஷிமா மீனவர்கள் பரீட்சார்த்தமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, இறக்குதுறையிலேயே அளந்து, இலக்கத்தோடு விற்றார்கள். பழைய நிலைக்கு வரப் பத்து வருசமும் போதவில்லை. எங்களுக்கு மாதிரியைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். நல்ல கேள்வி தம்பி, என்னிடம் நல்ல பதில் இல்லை.

கோண்டாவிலான்:
மாஸ்ரர், விறாந்தையில் 0.08 என்றீர்களே, கருவி வைத்திருக்கிறீர்களா?

பௌதிக மாஸ்ரர்:
மகன் போன வருசம் அனுப்பிய கைகர் எண்ணி. அரச தரத்துக்கு இல்லை, என் தரத்துக்குப் போதும். ஃபுகுஷிமாவுக்குப் பிறகு ஜப்பானில் ஊர் மக்களே இப்படிக் கருவி செய்து, காரில் கட்டி ஓடி, வரைபடம் போட்டார்கள். சேஃப்காஸ்ற் என்று தேடிப் பாருங்கள். என்னுடையதை வைத்து நான் கண்டுபிடித்த பெரிய விசயம், உரக்கடையில் எம்.ஓ.பி. என்ற பொற்றாசியம் உர மூட்டைக்குப் பக்கத்தில் எண்ணிக்கை ஏறும் என்பது. பொற்றாசியத்தில் இயற்கையாகவே கொஞ்சம் கதிர் உண்டு, வாழைப்பழத்திலும் உண்டு, உங்கள் உடம்பிலும் உண்டு. முதலாளி என்னை இப்போது கடைக்குள் விடுவதில்லை.

இந்த மண்ணுக்கும் கதிருக்கும் பழைய உறவு. தோரியனைற் என்ற கதிர்வீசும் கனிமத்தை 1904இல் இலங்கையில்தான் அடையாளம் கண்டார்கள். கண்டவர் ஆனந்த குமாரசுவாமி. கலை, சிற்பம் என்று எழுதுவதற்கு முன் அவர் கல் தட்டிக்கொண்டு திரிந்த புவிச்சரிதவியல்காரர்.

இப்போது வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது. மழை வந்தால் இலக்கம் போடுகிறேன், பாருங்கள். மாலை 5.40, விறாந்தை, 0.08.

பௌதிக மாஸ்ரர்:
6.15. நல்ல மழை. 0.11.

பௌதிக மாஸ்ரர்:
6.35. 0.14.

தமிழன்டா77:
பார்த்தீர்களா!!! ஏறுகிறது!!! நான் சொன்னேன்!!!

கோண்டாவிலான்:
மாஸ்ரர், இது என்ன? அம்மா பக்கத்தில் நிற்கிறா.

பௌதிக மாஸ்ரர்:
அம்மாவை இருக்கச் சொல்லுங்கோ. நிலத்துக்குள் இருந்து எப்போதும் ரேடன் என்ற வாயு வெளிவந்துகொண்டே இருக்கும். அது சிதைந்து வருகிற ஈயமும் பிஸ்மத்தும் காற்றில் தூசோடு ஒட்டி மிதக்கும். மழை அதைக் கழுவிக் கீழே போடும். ஆகவே எந்த மழைக்கும், உலகத்தில் எந்த ஊரிலும், இலக்கம் கொஞ்சம் ஏறும். அணு உலையே இல்லாத காலத்திலும் ஏறியது, அளக்கத்தான் ஆளில்லை.

வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது? இப்போது குடையோடு போய் மோட்டார் சைக்கிள் சீற்றில் நின்ற மழைத்துளியை ஒரு கடதாசியால் துடைத்து வந்து கருவிக்குக் கீழே வைத்திருக்கிறேன். வெறும் மேசையில் நிமிடத்துக்கு 24 எண்ணும். கடதாசிக்கு 92.

பௌதிக மாஸ்ரர்:
7.20. மழை விட்டது. விறாந்தை 0.10. கடதாசி 57. அந்த ஈயத்துக்கு 27 நிமிடத்தில் பாதி, பிஸ்மத்துக்கு 20 நிமிடத்தில் பாதி. செர்னோபில் அயடீன் என்றால் இந்தக் கடதாசி நாளைக்கும் 90க்குப் பக்கத்தில் நிற்கும். சீசியம் என்றால் என் பேரப்பிள்ளை கல்யாணம் கட்டும்போதும் நிற்கும்.

மருந்துக்கடை:
மாஸ்ரர், நனைந்தீர்கள்தானே, தலையைத் துவட்டுங்கோ. அணுவை விட தடிமன் கெதியாக வரும்.

பௌதிக மாஸ்ரர்:
8.50. விறாந்தை 0.08. கடதாசி 30. சாப்பிடப் போகிறேன்.

மியூனிக் மாமா:
இங்கே இன்னும் பின்னேரம். அலுவலகத்தில் இருந்து ஒவ்வொரு இலக்கத்தையும் பார்த்துக்கொண்டு இருந்தேன். 86இல் அந்த விடுதிச் சுவரில் இப்படித் தமிழில் ஒருவர் எழுதியிருந்தால்.

கிணத்தடி:
மாஸ்ரர், மழை நாளில் ஒவ்வொரு முறையும் போடுவீர்களா? இரண்டு இலக்கம் போதும், விளக்கம் வேண்டாம்.

பௌதிக மாஸ்ரர்:
பற்றரி இருக்கும் மட்டும் போடுகிறேன். விளக்கம் இல்லாமல் போடுவது கடினம், முயற்சி செய்கிறேன்.

நிர்வாகம்:
இழையை மேலே ஒட்டி வைத்திருக்கிறோம். இலக்கங்கள் இங்கேயே வரட்டும்.

கோண்டாவிலான்:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு ஐந்து கிலோ கணக்கையும் கடதாசி விளையாட்டையும் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்ப இந்த ஆறு பைக்கற்றையும் என்ன செய்யிறது" என்றா.

சோளகம்:
கருவாட்டுக்கு நாங்கள் மூட்டை உப்புத்தான் வாங்குவது. ஆனால் இரண்டு பைக்கற் தந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சனிக்கிழமை கோண்டாவில் பக்கம் வருவேன்.